இடுப்பளவுத் தண்ணீர்

நாலு மணிக்கு லாரி வரும், வந்தால் கிராவலைக் கொட்டும், கொட்டிவிட்டால் அப்புறம் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன. அதற்குள் அவரை எழுப்பிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடியே சுந்தரவல்லி பின்னறை வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுப்பத்தான் மனசு வரவில்லை. கூடத்தில் அருணகிரி மாஸ்டர் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆயுசில் பாதிக்கு மேல் பி.டி. மாஸ்டராக இருந்த உடம்பு, தூக்கத்தையும் டிரில் மாதிரிதான் செய்யும். இழு, நிறுத்து, விடு. அந்த நிறுத்து வரும்போதெல்லாம் இவளுடைய மூச்சும் கூடவே நின்று, விடு வந்த பிறகுதான் திரும்பும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே வேலை. விடு வராமல் போனது ஒருநாளும் இல்லை, ஆனாலும் பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் புரிகிறதா. மத்தியானம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் பிசைந்துகொண்டே சொன்னார், “ஒரு லோடு கிராவல் சொல்லியிருக்கேன் வல்லி. பின்னறையில அரையடி ஏத்திட்டு, மிச்சத்தச் சுவரோரமா வெளிய கெட்டிச்சிட்டோம்னா, அப்புறம் நீயா நானான்னு பாத்துருவோம்.” யாரோட என்று கேட்டாள். “பள்ளத்தோட” என்றார். அவள் வாயைத் திறந்தாள். மோர் ஊத்தவா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டாள். எத்தனை கூட்டங்களில், எத்தனை பெரிய மனிதர்கள் முன்னால், ஒரு படுகை எப்படி இறங்குகிறது, எப்படி நிறைகிறது என்று மைக்கைப் பிடித்துப் பேசியவள், சொந்த வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேச வந்தது மோரைப் பற்றித்தான். வெட்கமாக இருந்தது. அந்தச் சொல்லியிருக்கேனில் எவ்வளவு சந்தோஷம், திருவிழாவுக்குத் தேர் சொல்லி வைத்தவர் மாதிரி.

பள்ளத்தைக் கண்டால் அந்த மனிதருக்குப் பொறுக்காது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பே கூடையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக் குழிகளை அவரே நிரப்புவார், மேலே ஏறி நின்று குதித்து மிதிப்பார், பிறகுதான் சுண்ணாம்புக் கோடு. பிள்ளைகள் காலை முறித்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் அவருடைய தத்துவம், அதற்கு மேல் தத்துவம் எதற்கு. போன ஆடியில் ஊறுகாய்க்கு வாங்கிய எலுமிச்சம்பழம் கை தவறிப் பின்னறை வாசலில் கொட்டியது. ஒரு பழம்கூட அங்கே இங்கே போகவில்லை. எல்லாம் வரிசையாக உருண்டு பின்னறைக் கதவுக்குள் போய்ச் சேர்ந்தன. மாஸ்டர் கைதட்டி “கோல்” என்றார். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே பொறுக்கக் குனிந்தபோதுதான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கிய விரிசலைப் பார்த்தாள். அன்றைக்கு அது தலைமுடி அளவு. இப்போது அதற்குள் ஒரு பல்லி குடும்பம் நடத்துகிறது. உடனே மாஸ்டர் கிராவல் அடித்து, மேலே டைல்ஸ் ஒட்டித் தரையை மட்டம் பண்ணினார். அதற்காக அந்த அறையில் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்த மரப்பெட்டிகள் அத்தனையையும், ஒவ்வொன்றும் ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதி கனம், தன்னந்தனியாக வெளியே கொண்டுபோய் வைத்து, சாக்பீஸால் எண் போட்டு, பழைய வரிசையிலேயே திரும்ப அடுக்கினார். ஒன்றை மட்டும் தலைமாட்டைக் கால்மாட்டாக வைத்துவிட்டார். “என்னங்க, ஏரியவே கவுத்துட்டீங்களே” என்று அவள் சொன்னதும் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார், அந்த வலிக்கிற முட்டியோடு. ஐப்பசி மழை முடிந்து பார்த்தால் டைல்ஸும் சேர்ந்து இறங்கியிருந்தது. இறங்கினால் நிரப்புவார், நிரப்பினால் கனம் கூடும், கனம் கூடினால் இறங்கும். இதைத்தான் அவள் நிலவியல் சர்வே ஆபீஸில் உட்கார்ந்து வேலைக் காலம் முழுக்க எழுதினாள், வீட்டில் ஒருவர் கூலி வாங்காமல் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார். என்றைக்கோ ஒரு காலத்தில் யாராவது இந்த வீட்டைத் துளை போட்டுப் பார்த்தால் தரை, கிராவல், டைல்ஸ், மறுபடி கிராவல், மறுபடி டைல்ஸ் என்று அடுக்கடுக்காக வரும். இங்கே என்ன வெள்ளம் வந்தது, எந்த ஆறு பாய்ந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள் பாவம். ஆறும் இல்லை, வெள்ளமும் இல்லை, ஒரு பி.டி. மாஸ்டர்.

அந்தப் பெட்டிகளில் இருப்பது ஒரு ஏரி. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. கொடுக்கன்பட்டிக்கு மேற்கே, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாத பொட்டலில், முந்நூறு மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு எடுத்த மண். குழலிலிருந்து புட்டைத் தள்ளுவது மாதிரி இரும்புக் குழாயிலிருந்து தள்ளி, மேலிருந்து கீழ் வரிசை மாறாமல் பெட்டியில் படுக்க வைத்தது. ஊர்க்காரர்கள் சுற்றி நின்று தண்ணி வந்துச்சாம்மா என்று கேட்டார்கள். வந்துச்சு, ரொம்பக் காலத்துக்கு முன்னாடி என்றாள். முந்நூறு மீட்டர் ஏரிமண் என்றால் மலையை முழுங்குகிற ஆழத்தில் ஏரி இருந்திருக்க வேண்டும் என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு பெட்டியாக உட்கார்ந்து அரிசி அரிக்கிற மாதிரி மண்ணை அரித்தாள். அடியில் எடுத்தாலும், நடுவில் எடுத்தாலும், மேலே எடுத்தாலும் அதே நத்தை. இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் போகாத குட்டி நத்தை. அதே கோரை வேர்த் தடம். கோடையில் கரையோரச் சேறு காய்ந்து வெடித்த அதே வெடிப்பு. ஏரி ஒருநாளும் ஆழமாக இருக்கவில்லை. அப்படியானால் இவ்வளவு மண் எங்கே போய் உட்கார்ந்தது? ஏரியின் அடி இறங்கியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு அரிசியின் தடிமன். ஆறு ஒரு அரிசிக் கனத்துக்கு வண்டல் கொண்டுவரும், அடி ஒரு அரிசிக் கனம் இறங்கி இடம் கொடுக்கும், வந்த வண்டலின் பாரமும் சேர்ந்து அழுத்தும், இன்னும் கொஞ்சம் இறங்கும். இப்படியே இரண்டு லட்சம் வருஷம். கரையில் நின்று பார்த்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. தண்ணீர் இருந்தபடியே இருக்கும், மாடு மாதிரி ஏதோ ஒன்று வந்து குடித்துவிட்டுப் போகும். பிறகு என்றைக்கோ அடி இறங்குவதை நிறுத்திக்கொண்டது. ஆறு நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மண் கரைவரை நிரம்பி, ஏரி மேடாகி, கொடுக்கன்பட்டி ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில், வாடகை வீட்டில், நடுவில் பள்ளம் விழுந்து எப்படிப் படுத்தாலும் இரண்டு பேரையும் நடுவுக்கே உருட்டிவிடும் ஒரு பஞ்சு மெத்தையில் கிடந்தபடி இதை அவருக்குச் சொன்னாள். மாமியார் வீட்டு வம்பு பேசுகிற வேளையில் ஏரி பேசுகிறாளே என்று அவர் நினைக்கவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், “அந்த ஏரியில பசங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கலாமா?” தாராளமா, யாரும் முங்க மாட்டாங்க என்றாள். “அப்ப நல்ல ஏரிதான்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். இழு, நிறுத்து, விடு.

நல்ல ஏரி என்று மனசில் போட்டு வைத்ததன் பலன்தான் இந்த வீடு. தெரிந்தே கிணற்றில் விழுவார்களா என்பார்கள், இவர் விழவில்லை, கிணற்றையே வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் ஏற்றி ஊருக்கு வெளியே அழைத்து வந்து, காலி மனையில் நிறுத்தி, பெருமை தாங்காமல் சொன்னார், “உனக்குப் பிடிச்ச எடம் வல்லி. ஏரி.” தாமரை ஏரி நகர். தாமரையும் இல்லை, ஏரியும் இல்லை, தூர்த்தவர்கள் பேரை மட்டும் போனால் போகிறதென்று விட்டு வைத்திருந்தார்கள். ஏரி நிலம் இறங்கும் இறங்கும் என்று வாழ்நாளெல்லாம் சொல்கிறவளுக்கு ஏரி நிலத்தையே வாங்கிக் கொடுக்கிற புருஷன் உலகத்தில் வேறு யாருக்கு வாய்ப்பான். ஆபீஸில் ஒரு மாதம் இதே சிரிப்புதான். அன்றைக்கே அவள் சொன்னாள், “இது நெரப்பின மண்ணுங்க, வீடு உக்காரும்.” “உக்காரட்டுமே, நிக்கவா வீடு கட்டுறோம், உக்காரத்தானே கட்டுறோம்” என்றார். அதற்கு மேல் என்ன பேச. சண்டை போட்டு, அழுது, அஸ்திவாரத்துக்கு வானம் மட்டும் ஆழமாகத் தோண்ட வைத்தாள். கெட்டி மண் தட்டுப்படும்வரை தோண்டி, கம்பி கட்டி, அஸ்திவாரம் போட்டதில் வீடு இத்தனை வருஷம் அசையவில்லை. இந்தப் பின்னறை மட்டும்தான் பிற்பாடு ஒட்டவைத்தது. அவள் ஓய்வு பெற்ற சமயம், ஆபீஸில் பழைய சாமானைக் கழிக்கிறார்கள், பெட்டிகளைக் குப்பைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் மாஸ்டர் பின்னறைக்குக் கடைக்கால் போடக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சும்மா ஒரு அறைதானே என்று இரண்டடி வானம். பக்கத்திலேயே அதே இரண்டடி வானத்தில் ஒரு குளியலறை. குளியலறை இறங்கவில்லை. இங்கே வந்துதான் யோசனை ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது. அதே மண், அதே மழை, அதே வானம், அது நிற்கிறது, இது இறங்குகிறது. வித்தியாசம் என்ன என்று ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டால் கை நீட்டிக் காட்டும். அவள் கண் பெட்டிகள்வரை போகும், போய்த் தொட்டுவிட்டு விரிசலுக்குத் திரும்பிவிடும். அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வரும். துணி காயப்போட வேண்டும் என்று தோன்றும். பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் பண்ணி நாளாயிற்று என்று தோன்றும். பண்ணினால் அவள் அந்த வீட்டை வித்துத் தொலைங்கம்மா என்பாள், அதனால் அதுவும் வேண்டாம்.

மேஸ்திரி முனிரத்தினம் வந்து பார்த்தது போன வாரம். அறை நடுவில் நின்று விரிசலைத் தடவினார், தரையைக் காலால் தட்டினார், பிறகு நிமிர்ந்து பெட்டிகளைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். “மாஸ்டர், வீடு உக்காருது. வெயிட்டு” என்று ஆரம்பித்தார். மாஸ்டர் பாய்ந்து அவர் தோளில் கை போட்டு, “வாங்க மேஸ்திரி, ஒரு டீ சாப்பிட்டுப் பேசுவோம்” என்று வெளியே தள்ளிக்கொண்டு போனார். வெளியில் டீ குடிக்கிற மனிதரா அவர். வீட்டில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அவளே டம்ளர் எடுத்து வைத்திருந்தாள். திரும்பி வந்த மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல், “கிராவல் அடிச்சா சரியாயிரும்மா” என்று மனப்பாடச் செய்யுளை ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். டீக்கடையில் என்ன பேசியிருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது மாஸ்டருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. வாயில்லாத மண்ணுக்கு நடுவில் இரண்டு பேரும் வாயை வைத்துக்கொண்டு ஊமையாக இருக்கிறார்கள். இன்று காலை இன்னொன்றும் நடந்தது. சமையலறை ஜன்னலைச் சாத்தப் போனாள், சாத்த முடியவில்லை. நேற்றுவரை சாத்திய ஜன்னல். பின்னறை தான் இறங்குவது போதாதென்று, ஒட்டிக்கொண்டிருக்கும் சமையலறைச் சுவரையும் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டது. இனி ஒரு லோடு கிராவலும் சேர்ந்தால் எந்தச் சுவர், எந்த மழையில், அவர் எந்த இடத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கும்போது. அதற்கு மேல் நினைக்க முடியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வைதான்.

வழி இல்லாமல் இல்லை. சேலத்தில் பரிமளா இருக்கிறாள், கூடப் படித்தவள், தனியார் கல்லூரியில் இன்னும் இதே பாடம் நடத்துகிறாள். “அனுப்புடி, சைக்கிள் ஷெட் காலியாத்தான் கெடக்கு, கீழ முழுக்கப் பாறை, ஒரு ஊசி எறங்காது. பிள்ளைங்க தொட்டுப் பாக்கட்டும்” என்று இரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறாள். இவளும் இரண்டு வருஷமாகப் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறாள். என்ன பார்ப்பது. அனுப்பிவிட்டால் காலையில் எழுந்ததும் எதைத் துடைப்பாள். ஒரு பெட்டியைத் திறந்தால் வருகிற அந்த வாசனை, முதல் மழையும் பழைய புத்தகமும் கலந்த மாதிரி, அது இல்லாமல் இந்த வீட்டில் அவள் யார். குழம்பு வைக்கிறவள். அது கேவலம் என்று இல்லை, நன்றாகவே வைக்கிறாள். ஆனாலும் ஆசை ஆசைதான். மனிதர்கள் நாய் வளர்க்கிறார்கள், ரோஜா வளர்க்கிறார்கள், அவளுக்கு இந்தச் சாம்பல் நிறச் சேற்றின் மேல் ஆசை. அதைப் புரிந்துகொண்டு ஒரு மனிதர் அறையே கட்டிக் கொடுத்தால், ஒருநாள் அதைக் காலி பண்ணிக் கொடு என்று அவரிடமே எப்படிக் கேட்பது. கேட்டாலும் சம்மதிப்பாரா. சம்மதிக்க மாட்டார். கதவோரம் துண்டை மடித்து வைத்திருக்கிறார், தோளில் போட்டுப் பெட்டி தூக்குவதற்கு. லாரி வந்ததும் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார், கிராவலை மிதிப்பார், ஒவ்வொன்றாக உள்ளே வைப்பார், ராத்திரி முட்டியைப் பிடித்துக்கொண்டு வலியே இல்லை என்பார். அவள் டூருக்குப் போன நாட்களில் மகளுக்கு ரெட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர், கண் மேலே இழுத்துக்கொள்கிற அளவுக்கு இறுக்கமான சடை, அன்றைக்கும் கஷ்டமே இல்லை என்றுதான் சொன்னார். இறங்கி இறங்கி இடம் கொடுத்தவர் அவர், நிரப்பிக்கொண்டே இருந்தவள் இவள். அல்லது அவர் நிரப்பினாரா, இவள் இறங்கினாளா. கூடத்தில் இழு வந்தது, நிறுத்து வந்தது. விடு வரவில்லை. அவள் மணையைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது, மாஸ்டர் ஒரு இருமலோடு கண்ணைத் திறந்தார்.

“லாரியா?”

“லாரிதான். நீங்க உக்காருங்க.”

“அவன் நிப்பான்ல வல்லி.”

“நிக்கட்டும். நீங்க உக்காருங்க.”

அவர் பின்னறை வாசலுக்கு வந்து, முட்டி மடக் என்று சத்தம் போட, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கன்னத்தில் பாய்க் கோரையின் தடம் பதிந்திருந்தது. “மேஸ்திரி அன்னைக்கு டீக்கடையில என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். “டீ நல்லா இல்லன்னாரு.” அவள் கையை நீட்டி விரிசலைக் காட்டினாள். “அவன் கெடக்கான்,” என்றார், “ஏரியப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்.” “எனக்குத் தெரியும்ல” என்றாள் சுந்தரவல்லி. “பாரம்தாங்க இழுக்குது. என் பெட்டிங்க. நீங்க இன்னும் நெரப்பினா இன்னும் எறங்கும். அடுப்பங்கரை ஜன்னல் காலையிலேருந்து சாத்த மாட்டேங்குது, போய்ப் பாருங்க.” அவர் போனார். ஜன்னல் கதவு இரண்டு தடவை மோதுகிற சத்தம் கேட்டது, மூன்றாவது தடவை இல்லை. திரும்பி வந்தபோது தோற்ற அணியைப் பேருந்தில் ஏற்றுகிறவர் மாதிரி முகம் இருந்தது. “பரிமளாவுக்குப் போன் பண்ணப்போறேன்” என்றாள். “வேண்டாம் வல்லி. அறையே அதுக்குத்தானே கட்டினது.” “தெரியும்” என்று சொல்லி அவர் முட்டியின் மேல் கை வைத்தாள். சூடாக, கொஞ்சம் வீங்கி இருந்தது. இந்த மனிதரை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்ல இன்றைக்கும் சமயம் வாய்க்கவில்லை, வெளியே ஹாரன் மறுபடி அடித்தது.

லாரிக்காரர் கிராவலைத் திருப்பி எடுத்துப் போகமாட்டேன் என்று வாசலில் முறைத்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் யோசிக்கவே இல்லை. தெருக்கோடியில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற காலி இடத்தில் மழைத் தண்ணீர் தேங்குகிற ஒரு குழி உண்டு, அதில் கொட்டிவிட்டு வரச் சொன்னார். திரும்பி வரும்போது பெட்டிகளை ஏற்றிப் பார்சல் ஆபீஸில் சேர்க்கவும் பேசி முடித்தார். அதற்குள் சேலத்தில் பரிமளா போனிலேயே கத்தி, ஷெட்டைக் கூட்ட ஆள் அனுப்பிவிட்டாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னறைக்குள் நுழைந்தவர், பெட்டிகளுக்கு முன்னால் நின்றார்.

“ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும். ஒரு பெட்டியால வீடு ஒண்ணும் முழுகிடாது. எது வேணும் சொல்லு.”

அவள் பார்த்தாள். மீன் முள் கிடைத்த பெட்டி, அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பெரும்பஞ்சத்தில் ஏரி அடிவரை வெடித்த பெட்டி. எங்கோ எரிமலை வெடித்து வெள்ளைச் சாம்பல் விழுந்த பெட்டி. ஒன்றை எடுத்தால் மற்றது கோபித்துக்கொள்ளும் போல இருந்தது. கை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக நின்றாள். மாஸ்டர் பொறுத்துப் பார்த்தார், பிறகு நடுவரிசையில் கைக்கு வந்த ஒன்றை உருவிக் கொண்டுபோய்க் கூடத்து ஜன்னலுக்குக் கீழே வைத்தார். அவள் பின்னாலேயே போய்க் குனிந்து, எண்ணைப் படித்து, மூடியைத் திறந்தாள். அவரும் எட்டிப் பார்த்தார்.

“இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“ஒண்ணும் இல்லன்னா?”

“ஒண்ணும் நடக்கல. பஞ்சம் இல்ல, சாம்பல் இல்ல, பெருவெள்ளம் இல்ல. இடுப்பளவு தண்ணி இருந்துருக்கு, மண்ணு படிஞ்சுக்கிட்டே இருந்துருக்கு. அவ்வளவுதான்.”

“எவ்வளவு காலம்?”

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். “மூவாயிரம் வருஷம் இருக்கும்.”

மாஸ்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தச் சாம்பல் நிற மண்ணை, ஒரு கோடுகூட இல்லாமல் நீண்டு கிடந்ததை, நின்று பார்த்தார்.

“நல்லா இருந்துருக்காங்க” என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். சுந்தரவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள்.